உள்ளூர் பிக்கிள்பால் போட்டி: பெயர்ப் பதிவிலிருந்து முடிவுச் செய்தி வரை

மட்டையாலும் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் பந்தாலும் ஆடும் பிக்கிள்பாலில், போட்டி முடிந்த மாலை வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருகிறது: "ஆண்கள் இரட்டையர் ஃபைனலில் கார்த்திக் ஜோடி 10-8 என ஜெயித்தது." அந்தக் குழுவில் நான்கு கார்த்திக் இருப்பார்கள். 11 புள்ளி கேம் 10-8-இல் முடியவும் முடியாது. அடுத்த இரண்டு நாள் அந்த ஒரு வரியைச் சுற்றியே விவாதம் ஓடும். இந்த இரண்டு தவறும் எழுதியவரிடம் பிறந்தவை அல்ல. முதலாவது பெயர்ப் பதிவில் பிறந்தது, இரண்டாவது ஸ்கோர் தாளில். அதனால் முடிவுகளைச் சரியாக வெளியிடும் வேலையை, போட்டிக்கு ஒரு வாரம் முன்பே மேசையிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது 16 ஜோடிகள், நான்கு கோர்ட், ஒரே காலை. நம் ஊர் அப்பார்ட்மென்ட் வளாகங்களிலும் பேட்மின்டன் அரங்குகளிலும் எளிதில் நடத்தக்கூடிய அளவு இது. ஜோடிகள் குறைவென்றால் எண்களைச் சுருக்கிக்கொள்ளலாம், முறை மாறாது.

பெயர்ப் பதிவு

ஒவ்வொருவரிடமும் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ் எழுத்து முடிவுச் செய்திக்கும் சான்றிதழுக்கும். ஆங்கில எழுத்து ஆட்டக்காரரின் திறனை எண்ணாகக் காட்டும் ரேட்டிங் தளத்தில் பதிவேற்ற, அங்கே அவர் கணக்கில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டல் வேண்டும். இனிஷியலைக் கட்டாயம் கேளுங்கள். எஸ். கார்த்திக், ஆர். கார்த்திக் என்று பிரித்தறிய நமக்கு இருக்கும் எளிய வழி அதுதான். இனிஷியலும் ஒன்றாக இருந்தால் அப்பா பெயரை முழுதாகச் சேர்த்து எழுதுங்கள். "உயரமான கார்த்திக்" என்று மேசையில் பேசிக்கொள்ளலாம், தாளில் ஏறக் கூடாது.

பதிவு முடிந்ததும் ஒவ்வொரு ஜோடிக்கும் பலத்தின் வரிசைப்படி 1 முதல் 16 வரை ஓர் எண் கொடுங்கள். அன்று முழுக்க ஸ்கோர் தாளில் எண்ணும் பெயரும் சேர்ந்தே இருக்க வேண்டும். எண் மட்டும் இருந்தால் 6-ஐ 9 என்று படித்துவிடுவார்கள். பெயர் மட்டும் இருந்தால் கார்த்திக் சிக்கல் திரும்பி வரும்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பெயரையும் படத்தையும் வெளியிடப் பெற்றோரிடம் பதிவின்போதே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். ஆட்ட அட்டவணையைக் குழுவில் போடும்போது தொலைபேசி எண் உள்ள பத்தியை நீக்கிவிட்டுப் போடுங்கள். பதிவுத் தாளை அப்படியே படம் பிடித்து அனுப்புவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. தன் எண் ஊருக்கே தெரிய வேண்டும் என்று யாரும் போட்டிக்குப் பெயர் கொடுப்பதில்லை.

போட்டிக்கு வைக்கும் பெயரிலும் கவனம் வேண்டும். "மாநில சாம்பியன்ஷிப்" என்று பலகை வைத்தால் முடிவுச் செய்தியிலும் அதுவே வரும். சங்கத்தின் அனுமதி இல்லாமல் நடக்கும் போட்டிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. இந்தியன் பிக்கிள்பால் அசோசியேஷனை மத்திய விளையாட்டு அமைச்சகம் 2025-இல் தேசியக் கூட்டமைப்பாக அங்கீகரித்த பிறகு, சான்றிதழில் அச்சாகும் சொல்லுக்கு எடை கூடியிருக்கிறது. "திறந்த அழைப்புப் போட்டி" என்பது நேர்மையான பெயர், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

குழு பிரிப்பும் நேரக் கணக்கும்

பலத்தின் வரிசைப்படி 1 முதல் 16 வரை அடுக்கி, பாம்பு நெளிவது போல நான்கு குழுக்களில் இறக்குங்கள்:

அ குழு: 1, 8, 9, 16
ஆ குழு: 2, 7, 10, 15
இ குழு: 3, 6, 11, 14
ஈ குழு: 4, 5, 12, 13

நான்கு குழுவிலும் எண்களைக் கூட்டினால் 34 வரும். வராவிட்டால் எங்கோ எண் மாறியிருக்கிறது.

நான்கு ஜோடி உள்ள குழுவில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் மோத 6 ஆட்டம். நான்கு குழுவுக்கு 24. குழுவுக்கு ஒரு கோர்ட் ஒதுக்கி, 15 புள்ளிக்கு ஒரே கேம் என்று வைத்தால், ஓய்வும் சேர்த்து ஆட்டத்துக்கு 25 நிமிடம் என்ற கணக்கில் குழுச் சுற்று இரண்டரை மணி நேரத்தில் முடியும். காலை 6:30-க்குத் தொடங்கினால் 9 மணி. பிறகு கால் இறுதி நான்கும் ஒரே நேரத்தில், 11 புள்ளி, மூன்றில் இரண்டு கேம். இதற்கு 50 நிமிடம் வையுங்கள். அரையிறுதிக்கு 50, இறுதிக்கும் மூன்றாமிடத்துக்கும் சேர்த்து 60. பகல் 11:40-க்கு எல்லாம் முடிந்துவிடும். வெட்ட வெளிக் கோர்ட்டாக இருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் இதையே ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்குவது நல்லது. பதினொரு மணி வெயிலில் ஃபைனல் ஆடுவது ஆடுபவருக்குத் தண்டனை.

ஒரே கோர்ட்டில் நான்கு ஜோடிகள் ஆடும்போது யாருமே அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஆடாதபடி அட்டவணை போட முடியுமா என்று பலர் மல்லுக்கட்டுவார்கள். முடியாது. ஒரு ஆட்டத்தில் இருவர் ஆடினால், மீதி இருவர்தான் அடுத்த ஆட்டம். அதற்கடுத்த ஆட்டத்தில் புதிய சேர்க்கை வேண்டுமென்றால், அப்போதுதான் இறங்கியவர்களில் ஒருவர் திரும்பவும் ஏற வேண்டும். குழுவில் உள்ளவர்களை 1, 2, 3, 4 என்று வைத்தால் இந்த வரிசை நன்றாக வரும்: 1-2, 3-4, 1-3, 2-4, 1-4, 2-3. இதில் மூன்றாம் ஜோடி ஒரு முறையும் நான்காம் ஜோடி ஒரு முறையும் அடுத்தடுத்து ஆடும். அந்த இரண்டு இடங்களிலும் ஐந்து நிமிட ஓய்வை அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். எழுதாத ஓய்வு சண்டையாகும்.

குழுவுக்கு முதல் இருவர் கால் இறுதிக்கு. அங்கே மேல் பாதியில் அ1-இ2, ஈ1-ஆ2, கீழ்ப் பாதியில் ஆ1-ஈ2, இ1-அ2. இப்படி வைத்தால் ஒரே குழுவில் ஆடிய இரு ஜோடிகள் இறுதிக்கு முன் மறுபடி சந்திக்காது.

நேரம் கையை மீறும் என்று பயந்தால் குழுச் சுற்றை ராலி ஸ்கோரிங்கில் வைக்கலாம். யார் சர்வ் செய்தாலும் ஒவ்வொரு ராலிக்கும் (சர்வ் முதல் பந்து தவறும் வரை) புள்ளி உண்டு, ஆட்டம் எப்போது முடியும் என்று ஓரளவு கணிக்கலாம். வழக்கமான சைடு அவுட் முறையில் சர்வ் செய்பவருக்கு மட்டுமே புள்ளி. இரு பக்கமும் சமபலம் என்றால் 15 புள்ளி கேம் அரை மணி நேரத்தைத் தொட்டுவிடும். எந்த முறை என்பதைப் பதிவு தொடங்கும்போதே அறிவித்து, முடிவுச் செய்தியிலும் குறிப்பிடுங்கள். 15-12 என்ற ஒரே ஸ்கோருக்கு இரண்டு முறையிலும் ஒரே பொருள் கிடையாது.

கோர்ட்டில் பார்க்க வேண்டியவை

1965-இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு பழைய பேட்மின்டன் தரையில்தான். அதனால் வெளி அளவு இன்றும் அதேதான்: 20 அடி அகலம், 44 அடி நீளம். பேட்மின்டன் இரட்டையர் கோடுகளை அப்படியே பயன்படுத்தலாம். மாறுவது கிச்சன் கோடு, அதாவது வலைக்கு அருகே நின்று வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) அடிக்கக் கூடாத பகுதியின் எல்லைக் கோடு. அது வலையிலிருந்து 7 அடியில் இருக்க வேண்டும், பேட்மின்டனின் முன் சர்வீஸ் கோடு ஆறரை அடியில் இருக்கிறது. "பக்கத்தில்தானே இருக்கிறது" என்று அந்தக் கோட்டையே கிச்சனாக வைத்து ஆடினால், அரை அடி குறைந்த கிச்சனில் வாலி அடிப்பவர்களுக்கு ஆதாயம். 7 அடியில் இரண்டு அங்குல அகல டேப் ஒட்டுங்கள், பழைய கோட்டிலிருந்து நிறம் மாறட்டும். கோட்டின் அகலமும் அந்த 7 அடிக்குள் அடக்கம்.

வலை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. பேட்மின்டன் வலையை இறக்கிக் கட்டினால் காலையில் சரியாக இருக்கும், பத்து மணிக்குள் நடுவில் தொய்ந்துவிடும். 34 அங்குலத்துக்கு ஒரு குச்சியை வெட்டி மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் நான்கு கோர்ட்டிலும் நிறுத்திப் பாருங்கள். அளவு நாடாவைத் தேடி எடுத்து யாரும் அளக்க மாட்டார்கள். குச்சி கையில் இருந்தால் அளப்பார்கள்.

பந்து அன்று முழுக்க ஒரே பிராண்ட், ஒரே வகை. வெளிக் கோர்ட் என்றால் 40 ஓட்டை உள்ள கடினமான பந்து, உள் அரங்கு என்றால் 26 ஓட்டைப் பந்து. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் பந்து மென்மையாகி, துள்ளல் மாறிவிடும். பெட்டியை நிழலில் வையுங்கள். ஆட்டத்துக்கு முன் பந்தை விரலால் அழுத்திச் சுற்றிப் பார்த்தால் விரிசல் தெரிந்துவிடும்.

ஸ்கோர் தாள்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கோர்ட்டுக்கு ஒரு அட்டை, ஒரு பேனா, ஆட்டத்துக்கு ஒரு தாள். தாளில் இருக்க வேண்டியவை: ஆட்ட எண், குழு அல்லது சுற்று, கோர்ட் எண், இரு ஜோடிகளின் எண்ணும் பெயர்களும், ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் சர்வ் செய்பவர் யார், 1 முதல் 21 வரை அச்சிட்ட புள்ளி வரிசை, டைம் அவுட் கட்டங்கள் பக்கத்துக்கு இரண்டு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முடிவு ஸ்கோர், இரு தரப்புக் கையெழுத்து.

முதல் சர்வ் செய்பவர் கையில் ஒரு பட்டை கட்டட்டும். இது அலங்காரம் அல்ல, ஸ்கோர் தொலைந்தால் மீட்கும் கருவி. சைடு அவுட் இரட்டையரில் ஒரு ஜோடியின் புள்ளி இரட்டைப்படை எண்ணாக இருக்கும்போதெல்லாம் அவர்களில் முதல் சர்வர் வலப்பக்கம் நிற்க வேண்டும், ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம். "நமக்கு 6 தானே, 7 எப்படி?" என்று தகராறு வந்தால் பட்டை கட்டியவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டிய நிலை என்று பாருங்கள். வலப்பக்கம் என்றால் 6, இடப்பக்கம் என்றால் 7. தகராறு 6-க்கும் 8-க்கும் என்றால் இது உதவாது, புள்ளி வரிசையில் போட்ட கோடுதான் பேசும். ரிசீவ் செய்யும் ஜோடி ராலி ஓடும்போது பக்கம் மாறி நின்றிருக்கலாம், அதனால் அந்த ராலி தொடங்கியபோது நின்ற இடத்தையே கேட்க வேண்டும்.

தாள் எழுதுபவர் ஒவ்வொரு புள்ளிக்கும் அப்போதே ஒரு கோடு போட வேண்டும். மூன்று ராலியை மனதில் வைத்துக்கொண்டு சேர்த்துப் போடுபவரின் தாளில் எப்படியும் ஒன்று குறையும். ஆட்டம் 0-0-2 (சர்வ் செய்பவரின் புள்ளி, எதிராளியின் புள்ளி, எத்தனையாவது சர்வர்) என்று தொடங்குவதைப் புதியவர்களுக்கு முன்பே விளக்குங்கள். முதலில் சர்வ் செய்யும் பக்கத்துக்கு அந்தத் தடவை ஒரு சர்வர் மட்டும், ஆகவே "இரண்டாவது சர்வர்" என்று அழைத்தே ஆட்டம் ஆரம்பிக்கிறது. இது தெரியாமல், சர்வ் எதிர்ப்பக்கத்துக்குப் போகும் முதல் சைடு அவுட்டிலேயே ஆட்டம் நின்றுபோவதுண்டு.

குழுச் சுற்றில் 15 புள்ளிக்கு ஒரே கேம் என்றால் ஒரு பக்கம் 8-ஐத் தொட்டதும் கோர்ட் மாறுங்கள். நாக் அவுட்டில் ஒவ்வொரு கேமுக்குப் பிறகும் மாறுவதோடு, மூன்றாவது கேமில் 6-இல் ஒரு முறை மாற வேண்டும். வெளிக் கோர்ட்டில் காற்றும் சூரியனும் ஒரு பக்கம் சாதகமாக இருக்கும் என்பதால் இதை மறந்தால் தோற்றவர் முறையிடுவது நியாயமே. தாளில் 6-க்கும் 8-க்கும் மேல் சிவப்பில் ஒரு வட்டம் அச்சிட்டுவிடுங்கள், மறக்காது.

முடிவில் எழுதும் ஸ்கோரில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று: கடைசியாக வாயால் அழைத்த ஸ்கோரையே எழுதுவது. "14-11-1" என்று அழைத்து சர்வ் போட்டு, அந்த ராலியை வென்றால் ஆட்டம் முடிந்தது. அடுத்த அழைப்பு கிடையாது. எழுதுபவர் காதில் 14-11 நிற்கிறது, அதையே எழுதிவிடுகிறார். இன்னொன்று மூன்றாவது எண்ணைப் புள்ளியாக எடுத்துக்கொள்வது. இரண்டையும் பிடிக்க மேசையில் ஒரே சோதனை போதும்.

மேசையில் சோதனை

2 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் விதி இருந்தால், 15 புள்ளி கேமுக்கு இரண்டே வகை முடிவுதான் உண்டு. தோற்றவர் 13 அல்லது அதற்குக் கீழ் என்றால் வென்றவர் சரியாக 15. தோற்றவர் 14 அல்லது மேல் என்றால் வென்றவருக்கு அதைவிடச் சரியாக இரண்டு அதிகம். 14-11, 15-14, 17-14 எல்லாம் நடக்காத ஸ்கோர்கள். 11 புள்ளிக்கு இதே சோதனை 9, 10 என்று மாறும். இத்தனை புள்ளியோடு கேம் முடியும் என்று உச்ச வரம்பு வைத்திருந்தால் மட்டும் ஒரு புள்ளி வித்தியாசம் வரலாம். சைடு அவுட் முறையில் இன்னொரு துப்பு: வெற்றிப் புள்ளியை சர்வ் செய்பவர் மட்டுமே எடுக்க முடியும், சர்வ் செய்பவரின் புள்ளிதான் முதலில் அழைக்கப்படும். ஆகவே கடைசி அழைப்பில் முதல் எண் எப்போதும் வென்றவருடையது.

மேசையில் இருவர் இருக்கட்டும். ஒருவர் தாளை வாங்கி, இரு தரப்புக் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து, சத்தமாகப் படிக்கிறார். மற்றவர் கணினியில் ஏற்றி, ஏற்றியதைத் திருப்பிப் படிக்கிறார். பிறகு தாளைக் கைபேசியில் படம் எடுத்து, ஆட்ட எண் வரிசையில் கோப்பில் போடுங்கள். "நாங்க ஜெயிச்சிட்டோம், 15-9" என்று வாய்வார்த்தையாகவோ குழுச் செய்தியாகவோ வரும் முடிவை எக்காரணம் கொண்டும் ஏற்ற வேண்டாம். அவர் பொய் சொல்கிறார் என்ற பொருளில் இல்லை. ஆடி முடித்த களைப்பில் எல்லோருக்குமே எண் தவறுகிறது.

குழு முடிந்ததும் மூன்று கூட்டல்கள். ஒன்று, நான்கு ஜோடிகளின் வெற்றிகளைக் கூட்டினால் 6 வர வேண்டும். இரண்டு, எடுத்த புள்ளிகளின் மொத்தமும் கொடுத்த புள்ளிகளின் மொத்தமும் சமமாக இருக்க வேண்டும். மூன்று, புள்ளி வித்தியாசங்களைக் கூட்டினால் பூஜ்யம். இவை சரியாக வந்த பிறகே கால் இறுதிப் பெயர்களைப் பலகையில் எழுதுங்கள். எழுதி அழிக்கும் பெயர் மனதைப் புண்படுத்தும்.

சமநிலை வந்தால்

போட்டி நடத்துபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான், அதனால் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். குழுவில் நான்கு ஜோடிகள். முடிவுகள் இப்படி:

ஜோடி 1, ஜோடி 2-ஐ வென்றது: 15-12
ஜோடி 2, ஜோடி 3-ஐ வென்றது: 15-9
ஜோடி 3, ஜோடி 1-ஐ வென்றது: 15-13
ஜோடி 1, ஜோடி 4-ஐ வென்றது: 15-6
ஜோடி 2, ஜோடி 4-ஐ வென்றது: 15-11
ஜோடி 3, ஜோடி 4-ஐ வென்றது: 15-4

முதல் மூன்று ஜோடிக்கும் இரண்டிரண்டு வெற்றி. நேருக்கு நேர் பார்த்தால் ஒன்று இரண்டையும், இரண்டு மூன்றையும், மூன்று ஒன்றையும் வென்றிருப்பதால் வட்டமாகச் சுற்றுகிறது, முடிவு தராது. அடுத்து எல்லா ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம். ஜோடி 1 எடுத்தது 43, கொடுத்தது 33, வித்தியாசம் கூட்டல் 10. ஜோடி 2-க்கு 42-க்கு 35, கூட்டல் 7. ஜோடி 3-க்கு 39-க்கு 32, அதுவும் கூட்டல் 7. ஜோடி 4-க்கு 21-க்கு 45, கழித்தல் 24. கூட்டினால் பூஜ்யம், ஏற்றியது சரி. ஜோடி 1 முதலிடம். இப்போது இருவர் மட்டும் சமமாக மிஞ்சியிருப்பதால் திரும்பவும் நேருக்கு நேர் போகலாம். ஜோடி 2 ஜோடி 3-ஐ வென்றிருக்கிறது. எனவே இரண்டாமிடம் ஜோடி 2.

இதே முடிவுகளை இன்னொரு விதமாகக் கணக்கிடுபவர்களும் உண்டு: சமநிலையில் உள்ள மூவர் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுப்பது. அப்படிச் செய்தால் ஜோடி 1-க்கு கூட்டல் 1, ஜோடி 2-க்கு கூட்டல் 3, ஜோடி 3-க்கு கழித்தல் 4. குழுவில் முதலிடம் ஜோடி 2-க்குப் போய்விடுகிறது, கால் இறுதி எதிராளிகள் மாறிவிடுகிறார்கள். இரண்டு முறையிலும் நியாயம் இருக்கிறது. ஆட்டம் முடிந்த பிறகு எந்த முறை என்று தேர்ந்தெடுப்பதில்தான் நியாயம் இல்லை. வெற்றிகள், நேருக்கு நேர், மொத்தப் புள்ளி வித்தியாசம், இருவர் மிஞ்சினால் மறுபடி நேருக்கு நேர் என்று வரிசையை எழுதி, முதல் ஆட்டத்துக்கு முன் பலகையில் ஒட்டிவிடுங்கள். இந்த வரிசையையே பரிந்துரைக்கிறோம். பலவீனமான ஜோடியோடு ஆடும் ஆட்டத்துக்கும் அது கடைசிவரை மதிப்புக் கொடுக்கிறது.

வராதவர், பாதியில் விலகியவர்

பெயர் அழைத்துப் பத்து நிமிடத்தில் கோர்ட்டுக்கு வராவிட்டால் ஒரே கேம் ஆட்டம் எதிராளிக்கு. மூன்றில் இரண்டு என்றால் பத்து நிமிடத்தில் முதல் கேம் போகும், இன்னும் ஐந்து நிமிடத்தில் ஆட்டமே போகும். அழைத்த நேரத்தைத் தாளில் எழுதாமல் இந்த விதியைப் பயன்படுத்தவே முடியாது. வாக் ஓவர் என்றால் "வாக் ஓவர்" என்றே எழுதுங்கள். 15-0 என்று எழுதினால் ஆடாத ஆட்டம் ஆடிய ஆட்டம் போலப் பதிவாகும், எதிராளிக்கு இலவசமாக 15 புள்ளி வித்தியாசமும் கிடைத்துவிடும்.

குழுச் சுற்றின் நடுவில் ஒரு ஜோடி காயத்தால் விலகினால், சமநிலைக் கணக்கில் அந்த ஜோடி ஆடிய எல்லா ஆட்டங்களையும் நீக்கிவிடுங்கள். அப்போதுதான் மீதி மூவரும் ஒரே எதிராளிகளோடு ஆடியவர்கள் ஆவார்கள். நாக் அவுட்டில் பாதியில் நின்றால் நின்ற இடத்து ஸ்கோரை எழுதுங்கள்: "11-7, 6-3, எதிரணி காயத்தால் விலகல்." காயத்தின் விவரம் செய்திக்கு வேண்டாம்.

முடிவுச் செய்தி

இரண்டு தவணையாக வெளியிடுங்கள். முதலாவது, பரிசளிப்பு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் குறுஞ்செய்தி. பிரிவுக்கு மூன்று வரி போதும்: வென்றவர், இரண்டாமிடம், மூன்றாமிடம், இறுதி ஸ்கோர். இரண்டாவது, மறுநாள் முழு அறிக்கை.

ஸ்கோர் எப்போதும் வென்றவர் பக்கத்திலிருந்து. 11-8, 7-11, 11-9 என்றால் வென்றவர் நடுக் கேமை இழந்தார் என்று படிப்பவருக்கு உடனே தெரியும். சில வரிகளில் தோற்றவரின் எண்ணை முன்னால் போட்டுக் குழப்ப வேண்டாம். முழு அறிக்கையின் உருவம் இப்படி இருக்கட்டும்:

"50 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் இரட்டையர். 16 ஜோடிகள். சைடு அவுட் முறை. குழுச் சுற்று 15 புள்ளிக்கு ஒரே கேம், நாக் அவுட் 11 புள்ளி, மூன்றில் இரண்டு. இறுதி: (வென்ற இருவர் பெயர்) வென்றது (தோற்ற இருவர் பெயர்) 11-8, 7-11, 11-9. மூன்றாமிடம்: … 11-6, 11-9. அரையிறுதி: … கால் இறுதி: … குழு நிலவரம்: …"

பிரிவு, வயது வரம்பு, எத்தனை ஜோடிகள், ஆட்ட முறை ஆகிய நான்கும் இல்லாத முடிவு அடுத்த ஆண்டு யாருக்கும் பயன்படாது. ஜோடி எண்ணிக்கை முக்கியம். மூன்று ஜோடிகள் ஆடிய பிரிவின் வெண்கலமும் பதினாறு ஜோடிகள் ஆடிய பிரிவின் வெண்கலமும் வேறு வேறு.

இறுதி ஆட்டத்தைப் பற்றி ஒரு பத்தி எழுத ஆசைப்பட்டால் ஸ்கோர் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். கோர்ட் மாறிய இடம், டைம் அவுட் எடுத்த இடம், தொடர்ச்சியாக விழுந்த கோடுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. "மூன்றாவது கேமில் 3-6 என்று கோர்ட் மாறிய பிறகு, 5-8-இல் டைம் அவுட் எடுத்து, ஒரே சர்வீஸ் தடவையில் நான்கு புள்ளி எடுத்தனர்" என்று எழுத முடிந்தால், நேரில் பார்க்காதவருக்கும் ஆட்டம் கண்ணில் தெரியும். "அபாரமாக ஆடினர்", "பரபரப்பான ஆட்டம்" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. எது திருப்பம் என்று பார்த்தவர்களிடம் கேட்கலாம்: கிச்சன் கோட்டில் நின்று டிங்க் (எதிராளியின் கிச்சனில் விழும் மெல்லிய அடி) ஆடிக் காத்திருந்தார்களா, மூன்றாவது ஷாட்டைப் பின்னாலிருந்தே கிச்சனில் மெல்ல விழும் டிராப் ஆக்கினார்களா, எதிராளியின் பேக்ஹேண்டையே குறிவைத்தார்களா. கேட்டதைத் தாளோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

11-0 முடிவைத் தலைப்பில் போட வேண்டாம், அட்டவணையில் இருந்தால் போதும். முதல் முறை போட்டிக்கு வந்த ஜோடியாக அது இருக்கலாம், அவர்கள் அடுத்த முறையும் வர வேண்டும்.

படங்களுக்கு "இடமிருந்து" என்று தொடங்கிப் பெயர் வரிசை கொடுங்கள். பரிசளிப்பு மேடையில் படம் எடுத்த உடனே, நின்ற வரிசைப்படி ஜோடி எண்களைக் குறித்துக்கொள்பவர் ஒருவர் வேண்டும். இரவில் படத்தைப் பார்த்து அடையாளம் காண முயன்றால் தொப்பியும் கண்ணாடியும் ஏமாற்றிவிடும்.

ரேட்டிங்கில் ஏற்றுவது

டூப்பர் என்னும் ரேட்டிங் 2-லிருந்து 8 வரை போகிறது, ஆட்ட முடிவுகளை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஒருவர் அடுத்த போட்டியில் எந்தப் பிரிவில் ஆடலாம் என்பதை அந்த எண் தீர்மானிப்பதால், நீங்கள் ஏற்றும் ஒரு தவறான முடிவு நான்கு பேரையும் தொடர்ந்து வரும். பதிவின்போது வாங்கிய ஆங்கிலப் பெயரையும் கணக்கு அடையாளத்தையும் வைத்து ஏற்றுங்கள், பெயரை மட்டும் தேடி முதலில் வருபவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கேம் வாரியாக ஸ்கோர் போடுங்கள். வாக் ஓவர்களை ஏற்ற வேண்டாம். போட்டி ரேட்டிங்கில் ஏறும் என்பதை அழைப்பிதழிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஏற்றினால், விளையாட்டாக ஆட வந்தவருக்கு அது அநீதி.

திருத்தம்

எவ்வளவு பார்த்தாலும் ஏதாவது ஒன்று தவறிவிடும். முழு அறிக்கையின் அடியில் "திருத்தம் இருந்தால் 48 மணி நேரத்துக்குள் ஆட்ட எண்ணோடு மேசைக்குத் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி போடுங்கள். யாராவது கேட்டால் முதலில் தாளின் படத்தை எடுத்துப் பாருங்கள். தாளும் அறிக்கையும் வேறுபட்டால் தாளே சரி. தாளிலேயே தவறு என்று ஒருவர் சொன்னால், அதில் கையெழுத்திட்ட இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டும் மாற்றுங்கள்.

பழைய செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் புதியதைப் போடாதீர்கள். அழித்ததை ஏற்கனவே இருபது பேர் வேறு குழுக்களுக்கு அனுப்பியிருப்பார்கள். "திருத்தம்: ஆட்டம் 17, ஆ குழு. 15-13 என்று வெளியானது 15-11 என்றிருக்க வேண்டும். குழு வரிசையில் மாற்றம் இல்லை" என்று தனிச் செய்தியாகப் போட்டு, முழு அறிக்கையிலும் அந்த வரியை மாற்றுங்கள். வரிசையில் மாற்றம் உண்டா இல்லையா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான்.

மூலத் தாள்களை அடுத்த போட்டி வரை ஒரு கோப்பில் வைத்திருங்கள். அடுத்த முறை பலத்தின் வரிசைப்படி 1 முதல் 16 வரை அடுக்க உட்காரும்போது முதலில் கையில் எடுக்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.